பழைய நாணயத்தைச் சுத்தம் செய்து மறுதரம் பெறுவது லாபமா, நட்டமா? கணக்கும் சட்டமும் மார்க்கமும்



நம் கடற்கரை ஊர்களில் பழைய நாணயம் இல்லாத பழைய வீடு குறைவு. தூத்துக்குடி, பழையகாயல், காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும், முன்னோர்கள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வியாபாரத்திற்குப் போய் வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த விக்டோரியா வெள்ளி ரூபாய், ஜார்ஜ் மன்னர் ரூபாய், இங்கிலாந்து சவரன், மலாயாவின் பழைய வெள்ளி டாலர், டச்சுக்காரர்களின் செப்புக் காசு ஆகியவை இன்றும் மரப்பெட்டிகளின் அடியில் துணிமுடிச்சாகக் கிடக்கின்றன. இவற்றை விற்பது பற்றியும் ஸகாத் கொடுப்பது பற்றியும் முன்பெல்லாம் கேட்பார்கள். இப்போது வேறொரு கேள்வி வருகிறது. "இந்தக் காசுக்குக் கிரேடிங் ஆகிவிட்டது. இதைக் கன்சர்வேஷன் செய்து திரும்பக் கிரேடிங் போட்டால் விலை இரண்டு மடங்காகும் என்கிறார்கள். அனுப்பலாமா?"

பணத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான வீட்டு நாணயங்களுக்கு இது நட்டக் கணக்கு. சட்டத்தைப் பொறுத்தவரை, நம் வீடுகளில் உள்ள பல நாணயங்களை இதற்காக வெளிநாடு அனுப்புவதே குற்றமாகலாம். மார்க்கத்தைப் பொறுத்தவரை, நாணயத்தைச் சுத்தம் செய்வது தடுக்கப்பட்டதல்ல. அதை எப்படி விற்கிறோம், யாருடைய சொத்தை அனுப்புகிறோம் என்ற இடங்களில்தான் ஹராம் நுழைகிறது. மூன்றையும் விரிவாகப் பார்ப்போம்.

கிரேடிங் என்பது என்ன?

நாணயத்தைத் தரம் பிரிக்கும் தொழில் அமெரிக்காவில் வளர்ந்தது. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட் நாணயங்களுக்காக 1 முதல் 70 வரையிலான ஓர் அளவுகோலை வகுத்தார். 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்ற இரண்டு நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. நாணயத்தைப் பரிசோதித்து, அசலா போலியா என்று சொல்லி, அந்த 70-க்கு எத்தனை என்று எண் கொடுத்து, திறக்க முடியாத கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். அந்த உறையை 'ஸ்லாப்' என்கிறார்கள். 60 முதல் 70 வரை புழக்கத்திற்கு வராத நாணயங்கள், அவற்றுக்கு எம்.எஸ். என்ற எழுத்துகள் முன்னால் வரும். 50 முதல் 58 வரை லேசாகக் கைபட்டவை. அதற்குக் கீழே தேய்மானம் கூடக்கூட எண் குறையும்.

எண்ணே கொடுக்காமல் 'டீட்டெய்ல்ஸ்' என்று மட்டும் எழுதித் தருவதும் உண்டு. நாணயம் அசல்தான், ஆனால் யாரோ தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள், கீறல் இருக்கிறது, சங்கிலியில் கோக்கக் காது பற்றவைத்த தடம் இருக்கிறது, அரிப்பு ஏறியிருக்கிறது என்பது போன்ற குறை இருந்தால் இப்படி வரும். நம் வீட்டு நாணயங்களில் பெரும்பகுதிக்கு இதுதான் விதி. காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. பெருநாளைக்கு முன் வெள்ளிச் சாமான்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும்போது, பெட்டியில் இருந்த ரூபாயையும் சேர்த்துத் தேய்த்திருப்போம். பிள்ளைகளின் கழுத்தில் போட ஆசாரியிடம் கொடுத்துக் காது வைத்திருப்போம். பளபளப்பாக இருந்தால் மதிப்பு என்பது நம் பழக்கம். சேகரிப்பாளர் அதற்கு நேர்மாறாக, நூறு வருடம் காற்றுப்பட்டு மேலே படிந்த நிறத்திற்குத்தான் விலை கொடுக்கிறார்.

கன்சர்வேஷன் என்ற சொல்லில் உள்ள ஏமாற்றம்

கன்சர்வேஷன் வேறு, பாலிஷ் வேறு. முறையான கன்சர்வேஷன் என்பது நாணயத்தின் உலோகத்தைத் தொடாமல், அதன்மேல் ஒட்டியுள்ள அந்நியப் பொருளை மட்டும் நீக்குவது. மலிவான பி.வி.சி. உறைகளில் வைத்த நாணயத்தின்மேல் பச்சை நிறத்தில் ஒரு பிசுபிசுப்பு வருமே, அதை அசிட்டோனில் கரைத்து எடுப்பது நல்ல உதாரணம். பசை, எண்ணெய், மெழுகு, டேப் ஒட்டிய கறை ஆகியவையும் அப்படியே. இவற்றை நீக்காவிட்டால் நாளாக ஆக உலோகத்தையே தின்றுவிடும். அதனால் இதில் நன்மை உண்டு.

ஆனால் வெள்ளியின் கறுப்பு அப்படி மேலே ஒட்டிய அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறியிருக்கிறது. அதாவது நாணயத்தின் மேற்பரப்பே மாறியிருக்கிறது. தயோயூரியா கலந்த அமிலக் கரைசலில் சில நொடிகள் முக்கி எடுத்தால் கறுப்பு போய்விடும். கூடவே வெள்ளியின் மிக மெல்லிய அடுக்கும் போய்விடும். புதிதாக அச்சடித்த நாணயத்தைத் திருப்பினால் ஒளி சக்கரம்போல் சுழலும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் ஓடிய நுண்ணிய கோடுகள்தான் அந்த ஒளியைத் தருகின்றன. ஒருமுறை முக்கினால் அவை தப்பலாம். இரண்டு மூன்று முறை முக்கினால் கோடுகள் மழுங்கி, நாணயம் வெளுத்துச் செத்த மீனின் கண்போல் ஆகிவிடும். அதன்பின் உலகில் எந்த நிபுணராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது கறுப்பை எடுத்தால்தான் தெரியும். பழைய கீறல், தேய்த்த கோடு, அரித்த குழி எல்லாவற்றையும் அந்தக் கறுப்பு மறைத்துக்கொண்டிருக்கலாம். எண் வாங்கிய நாணயம் கன்சர்வேஷனுக்குப் போய் 'டீட்டெய்ல்ஸ்' ஆகத் திரும்பி வருவது இப்படித்தான்.

முத்துக்குளித் துறையில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. முத்து என்பது அடுக்கடுக்காகப் படிந்த பொருள். மேல் அடுக்கு மங்கியிருந்தால், உள்ளே இன்னும் நல்ல அடுக்கு இருக்கும் என்று நம்பி மேல்தோலை உரித்துப் பார்ப்பது முத்து வியாபாரத்தில் பழைய சூதாட்டம். உள்ளே ஒளி இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் முத்து சிறுத்துப்போகும், எடை குறையும், ஒளியும் வராது. துளையிட்ட பித்தளைக் கிண்ணங்களில் சலித்து அளவு பிரித்து, பிறகு வடிவும் ஒளியும் பார்த்து ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் பிரித்த கரை இது. தரம் ஒருபடி மாறினால் விலை பல படி மாறும் என்பதையும், தரத்தை உயர்த்தப்போய் உள்ளதையும் இழப்பவர்கள் உண்டு என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்த அனுபவ அறிவும் வீடுகளிலிருந்து போய்விட்டதோ என்னவோ.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

கீழே வருபவை விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகள். சந்தை விலை அல்ல. உங்களிடம் எம்.எஸ். 62 தரம் பெற்ற ஒரு வெள்ளி ரூபாய் இருக்கிறது. இன்றைக்கே விற்றால் 20,000 ரூபாய் கிடைக்கும். கன்சர்வேஷனுக்குப் பிறகு 64 கிடைத்தால் 45,000. அதே 62 வந்தால் பழைய 20,000. 'டீட்டெய்ல்ஸ்' ஆனால் 8,000. போகவர அனுப்பும் செலவு, காப்பீடு, கன்சர்வேஷன் கட்டணம், மறுதரக் கட்டணம், முகவரின் பங்கு எல்லாம் சேர்த்து 9,000.

பத்தில் மூன்று நாணயம் உயர்ந்து, ஐந்து அப்படியே வந்து, இரண்டு கெட்டுப்போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு நாணயத்தின் மதிப்பு 13,500, 10,000, 1,600 மூன்றும் சேர்ந்து 25,100 ஆகிறது. செலவு 9,000 போனால் மிச்சம் 16,100. சும்மா வைத்திருந்தால் 20,000. அதாவது, நாணயத்தின் சராசரி மதிப்பு உயர்ந்தும்கூட உங்கள் கையில் 3,900 குறைந்துவிட்டது. விளம்பரம் செய்பவர் காட்டுவது அந்த மூன்று நாணயங்களின் படத்தை மட்டுமே.

இந்தக் கணக்கு எப்போது லாபமாகும்? நாணயத்தின் விலை மிக உயர்ந்ததாகவும், ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே விலை வித்தியாசம் பெரியதாகவும், குறை மேலே ஒட்டியுள்ள பிசுபிசுப்பு மட்டுமே என்று அறிந்தவர் நேரில் பார்த்துச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது அரிது. சாதாரண விக்டோரியா ரூபாய்க்கோ, ஆறாம் ஜார்ஜின் 1940-க்குப் பிந்தைய பாதி வெள்ளி ரூபாய்க்கோ கட்டணமே நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும்.

கட்டணம் பற்றி ஒரு முக்கிய விஷயம். அது பரிசோதனைக்கும் உழைப்புக்கும் வாங்கப்படுவது. தரம் உயர்ந்தாலும் உயராவிட்டாலும், 'டீட்டெய்ல்ஸ்' வந்தாலும் கட்டணம் கட்டியாக வேண்டும். நாணயத்தின் மதிப்பு என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் தொகையைப் பொறுத்துக் கட்டணம் ஏறுவதும் உண்டு. கட்டணத்துக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதினால், வழியில் தொலையும்போது அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும். அது பொய் எழுதிய குற்றமும் ஆகும். பல கூரியர் நிறுவனங்கள் நாணயங்களை ஏற்பதே இல்லை; வேறு பொருள் என்று எழுதி அனுப்பினால் இழப்பீடு கேட்க வழியே கிடையாது.

உத்தரவாதத்தையும் நம்பி ஏமாறக் கூடாது. தரநிர்ணய நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த எண்ணுக்கு உத்தரவாதம் தருகின்றன என்பது உண்மை. ஆனால் அது ஸ்லாப்புக்குள் உள்ள நாணயத்துக்கு. அதிக எண் கிடைக்கும் என்று வீட்டிலேயே ஸ்லாப்பை உடைத்துப் புதிதாக அனுப்புகிறவர்கள் உண்டு. உடைத்த நொடியில் பழைய எண்ணும் உத்தரவாதமும் போய்விட்டன. அடுத்த முறை பார்ப்பவர் 61 கொடுத்தால் யாரிடமும் முறையிட முடியாது. செப்பு நாணயத்தின் நிறம் பின்னாளில் மாறுவதற்கு உத்தரவாதம் மிகவும் வரையறுக்கப்பட்டது. கன்சர்வேஷனுக்குக் கொடுக்கும்போது தரம் குறைந்தால் யார் பொறுப்பு என்பதை விண்ணப்பத்தின் நிபந்தனைகளில் வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

செப்புக் காசு என்றதும் நம் கரைக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. அந்தக் கம்பெனியின் செப்புக் காசுகளில் வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கும். (கப்பலோட்டிய வ.உ.சி.யின் பெயரைத் தாங்கும் துறைமுக நகரில், அந்நியக் கம்பெனி ஒன்றின் முத்திரையும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்தாக அமைந்தது வேடிக்கைதான்.) உப்பளக் காற்று படும் ஊர்களில் மண்ணில் கிடந்த செம்பில் குளோரைடு ஏறிவிடும். ஈரம் பட்டால் வெளிர்பச்சைத் தூளாகப் பொரிந்து உள்ளே உள்ளே தின்னும். இது தொற்றுநோய்போல நிற்காமல் போகும். இதற்கு மட்டும் நிபுணரின் சிகிச்சை உண்மையிலேயே தேவை. ஆனால் சிகிச்சை காசைக் காப்பாற்றுமே தவிர எண்ணை உயர்த்தாது. கெட்டியான கரும்பச்சை அல்லது பழுப்புப் படலம் வேறு. அது செம்புக்குக் கவசம். அதைச் சுரண்டி எடுத்தால் காசு பாழ்.

1911 ரூபாய்: நம் சமுதாயத்தோடு சம்பந்தப்பட்ட நாணயம்

மறுதரச் சூதாட்டத்தில் அதிகம் சிக்கும் நாணயங்களில் ஒன்று ஐந்தாம் ஜார்ஜின் 1911 வெள்ளி ரூபாய். அதன் கதை நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கலாம். மன்னரின் அங்கியில் இருந்த சங்கிலியில் ஒரு யானை உருவம் உண்டு. துதிக்கையும் தந்தமும் குட்டையாக அமைந்துவிட்டதால் அது பார்ப்பதற்குப் பன்றிபோல் தெரிந்தது. முஸ்லிம்கள் கடும் ஆட்சேபம் தெரிவித்தார்கள். கல்கத்தா, பம்பாய் நாணயச் சாலைகளில் ஏறத்தாழ 94 லட்சம் நாணயங்கள் அச்சிடப்பட்டிருந்தும், ஒரு பகுதி மட்டுமே வெளியே போயிருந்தது. எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912-ல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். அதனால் 1911 ரூபாய் மற்ற ஆண்டுகளைவிட விலை கூடியது.

விலை கூடியது என்பதாலேயே இதில் போலிகளும் கூடின. 1939-ம் ஆண்டிட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயும் அரிது என்பதால் அதிலும் இதே நிலை. ஸ்லாப்பையே போலியாகச் செய்து, வேறொரு அசல் நாணயத்தின் சான்று எண்ணை அதில் பொறித்து விற்பவர்கள் உண்டு. அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் சரியான பதிவு வரும். படத்தையும் நாணயத்தையும் பக்கத்தில் வைத்து, கீறல்களையும் நிறத்தையும் ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

அனுப்புவதற்கு முன் சட்டம்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1972-ம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள நாணயம் 'தொல்பொருள்' ஆகும். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. 'விற்க அனுப்பவில்லை, தரம் பார்க்கத்தான் அனுப்பினேன், திரும்பி வந்துவிடும்' என்ற சமாதானத்தை நம்பி இறங்க வேண்டாம். பையில் போட்டு விமானத்தில் எடுத்துச் செல்வதும் ஏற்றுமதிதான். நம் மக்கள் அதிகம் வாழும் ஹாங்காங்கில் என்.ஜி.சி.க்கு அலுவலகம் இருக்கிறது என்பதால், ஊருக்கு வந்த மச்சான் கையில் கொடுத்துவிடும் யோசனை சில வீடுகளில் எழுகிறது. சுங்கச் சோதனையில் சிக்குவது மச்சான்தான்.

எவையெல்லாம் 100 ஆண்டைத் தாண்டியவை? விக்டோரியா, ஏழாம் எட்வர்டு நாணயங்கள் அனைத்தும். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாய்கள் 1911 முதல் 1922 வரை அச்சிடப்பட்டவை, அவையும் அனைத்தும். பம்பாயில் 1918-ல் மட்டும் அச்சிடப்பட்ட சவரனும் அப்படியே. ஆக, தரம் பார்க்க அனுப்பத் தகுந்த விலையுள்ளவை என்று எவற்றைச் சொல்கிறார்களோ, அவற்றில் பெரும்பாலானவை சட்டப்படி நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாதவை. நாணயத்தின் வயதில் சந்தேகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று பெறலாம். 100 ஆண்டுக்கு உட்பட்டவற்றை அனுப்பினாலும், போகும்போதே சுங்க ஆவணங்களைச் சரியாக வைக்காவிட்டால், திரும்பி வரும்போது சொந்தக் காசுக்கே வரி கட்ட நேரிடும்.

மண்ணில் கிடைத்தது என்றால் விஷயமே வேறு. வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ நாணயக் குடம் கிடைத்தால், 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் பகுதியில் இதற்கு வாய்ப்பு அதிகம். மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தின் செழிப்பை எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், காயல் முதலான மஅபர் துறைமுகங்களுக்கு வந்திறங்கிய குதிரைகளையும், ஒரு குதிரைக்கு 220 தீனார் செம்பொன் விலை என்பதையும் குறித்து வைத்தார். இத்தனை பொன் புரண்ட கரையின் மண்ணில் காசு இல்லாமலா இருக்கும்?

மஅபர் சுல்தான்களின் காசுகள் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 14-ம் நூற்றாண்டில் மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா முதலான சுல்தான்களின் வரிசையையும் ஆண்டுகளையும் நாம் அறிவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான்: இப்னு பதூதாவின் பயணக் குறிப்பு, அவர்கள் வெளியிட்ட காசுகளில் உள்ள பெயரும் ஹிஜ்ரி ஆண்டும். அந்தக் காசுகள் சிறியவை. அரபு எழுத்தில் பாதி ஏற்கனவே தேய்ந்திருக்கும். ஒருவர் ஆசைப்பட்டு அமிலத்தில் முக்கி ஆண்டின் ஓர் எழுத்தை அழித்துவிட்டால், சந்தையில் அவருக்கு நட்டம் சில ஆயிரம் ரூபாய். நம் சமுதாயத்தின் வரலாற்றில் அழிந்ததை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. இத்தகைய காசு கையில் இருப்பவர்கள் எந்தக் கரைசலும் தொடாமல் படம் எடுத்துப் பல்கலைக்கழக ஆய்வாளரிடமோ அருங்காட்சியகத்திடமோ காட்டுவதே சரி.

மார்க்கம் சொல்வது

முதலாவது, குறையைச் சொல்லி விற்பது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் உணவுக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, ஏன் இதை மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது 'தஸ்ரியா' பற்றிய தடை. விற்பதற்கு முன் ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துக் காட்டி ஏமாற்றுவது. அதில் பொய்யாக ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. தோற்றம்தான் பொய் சொல்கிறது. அப்படி வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நபியவர்கள் வழங்கினார்கள். கறையை நீக்கிப் பளபளப்பாக்கிய நாணயத்தை, அது இயற்கையாகவே அப்படி இருந்ததுபோல் விற்பது இந்த வகையைச் சேரும். ஸ்லாப்பில் எண் இருக்கிறதே, நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நிறுவனம் கவனிக்காமல் விட்ட குறை உங்களுக்குத் தெரியும் என்றால், அதைச் சொல்லும் கடமை உங்களுடையது. முன்பு 'டீட்டெய்ல்ஸ்' வாங்கிய நாணயத்தை உடைத்து, மறுபடி அனுப்பி எப்படியோ எண் வாங்கிவிட்டவருக்கும் இதுவே சட்டம்.

இரண்டாவது, நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது. தங்கத்துக்குத் தங்கமும் வெள்ளிக்கு வெள்ளியும் எடைக்குச் சரி எடையாக, கைக்குக் கையாக மாற வேண்டும் என்பது ஹதீஸ் சட்டம். ஸ்லாப்பில் உள்ள ஒரு 1911 ரூபாயைக் கொடுத்து, சாதாரண வெள்ளி ரூபாய் இருபதை வாங்கிக்கொள்வது சேகரிப்பாளர்களிடம் சகஜம். நமக்கு அது வட்டியின் வாசலில் போய் நிற்கும். மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு படிக்கு நல்லது ஒரு படி வாங்கியவரிடம், முதலில் அதைக் காசுக்கு விற்று, அந்தக் காசுக்கு இதை வாங்குமாறு நபியவர்கள் கற்றுத்தந்த வழி இருக்கிறது. ரூபாய் நோட்டுக்கு விற்றுவிட்டு, அந்த நோட்டுக்கு வேண்டியதை வாங்குங்கள்.

மூன்றாவது, கூட்டு. 'நாணயம் உங்களுடையது, செலவு என்னுடையது. தரம் உயர்ந்தால் லாபத்தில் பாதி, குறைந்தபட்சம் இவ்வளவு நிச்சயம்' என்று முகவர் சொல்கிறார். குறைந்தபட்ச லாபத்தை உறுதி சொல்லும் கூட்டு மார்க்கத்தில் செல்லாது. நாணயம் கெட்டால் நட்டம் முழுக்க உங்கள் தலையில் என்பதை அவர் சொல்வதும் இல்லை. உழைப்புக்கு இன்ன தொகை என்று பேசிக்கொள்வது கூலி ஒப்பந்தம், அது ஆகும்.

நான்காவதுதான் நம் குடும்பங்களை அதிகம் பாதிக்கிறது. பெட்டியில் இருக்கும் நாணயம் யாருடையது? வாப்பாவோ பெரியவாப்பாவோ மவுத்தாகி, பாகப்பிரிவினையில் வீட்டையும் தோப்பையும் பிரித்திருப்பார்கள். நாணய முடிச்சு மட்டும் உம்மாவின் அலமாரியிலேயே இருந்திருக்கும். சட்டப்படி அது எல்லா வாரிசுகளுக்கும் உரியது. மணமாகிப் போன சகோதரிக்கும், வயதுக்கு வராத எத்தீம் பிள்ளைக்கும் அதில் பங்குண்டு. "காக்கா, நீங்க சரின்னு சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு தம்பி சொல்லி, ஒரு காக்கா தலையசைத்தால் அது அனுமதி ஆகாது. வாரிசுகள் அனைவரும், ஆபத்தைத் தெரிந்துகொண்டு, சம்மதிக்க வேண்டும். அனுமதியின்றி அனுப்பி நாணயம் கெட்டால், மற்றவர்களின் பங்குக்கு அனுப்பியவரே ஈடு கட்ட வேண்டும். எத்தீமின் பங்கை இப்படிப்பட்ட பந்தயத்தில் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை. வயதுக்கு வராத பிள்ளை 'சரி' என்று சொன்னாலும் அது சம்மதமாகாது.

சந்தையில் ஒரு எளிய வழி இருக்கிறது. முதலில் இன்றைய நிலையில் என்ன விலை என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டு எழுதி வைத்து, நாணயத்தின் இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து, எடை போட்டு, வாரிசுகளுக்குள் பிரித்துவிடுங்கள். தன் பங்குக்கு வந்ததை வைத்து ஒருவர் என்ன செய்தாலும் அது அவர் பாடு.

ஸகாத்

கேட்கப்படும் இன்னொரு கேள்வி, நாணயத்துக்கு எந்த விலைக்கு ஸகாத் என்பது. பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் தூய வெள்ளி சுமார் 10.69 கிராம். வெள்ளியின் நிஸாபு 595 கிராம் என்று கொண்டால், 56 ரூபாய் இருந்தால் நிஸாபு நிறைந்துவிடும். சவரனின் எடை 7.99 கிராம், தூய தங்கம் 7.32 கிராம். (நாம் பவுன் என்று சொல்லும் 8 கிராம் கணக்கு இந்த நாணயத்திலிருந்து வந்ததுதான்.) தங்க நிஸாபு 85 கிராம் என்றால் 12 சவரனில் நிறையும். ஷாஃபிஈ மத்ஹபில் தங்கத்தையும் வெள்ளியையும் சேர்த்து நிஸாபு பார்ப்பதில்லை. ஹனஃபி மத்ஹபில் சேர்ப்பார்கள். 1940-க்குப் பிந்தைய ரூபாயில் பாதிதான் வெள்ளி, 1947 ரூபாய் நிக்கல். அதற்கேற்பக் கணக்கு மாறும்.

சேமிப்பாக வைத்திருப்பவருக்கு எடையே அடிப்படை. 1911 என்பதற்காகக் கிடைக்கும் கூடுதல் விலை கணக்கில் வராது. வாங்கி விற்பவருக்கு அது வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறையும் நாளில் என்ன விலைக்குப் போகுமோ அதில் இரண்டரை சதவீதம். மறுதரத்துக்குப் போயிருக்கும் நாணயத்துக்கு, வரப்போவதாக எதிர்பார்க்கும் எண்ணின் விலையை அல்ல, அன்றைய நிலையில் உள்ள விலையையே போட வேண்டும்.

மொகலாயர் காசுகளில் கலிமா பொறித்திருப்பதைப் பார்த்து, ஒளு இல்லாமல் தொடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாணயத்தில் பொறித்த எழுத்தின் நோக்கம் ஓதுவது அல்ல என்பதால் தொடுவதற்குத் தடையில்லை என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்றமான கருத்து. மரியாதையான இடத்தில் வைப்பது அதபு.

வீட்டில் வைத்திருக்கும் முறை

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். புளி, எலுமிச்சை, பல்பொடி, வெள்ளி பாலிஷ், சோடா எதுவும் வேண்டாம். பி.வி.சி. உறையிலும் ரப்பர் வளையத்திலும் வைக்காதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. நாணயத்துக்கென விற்கும் பி.வி.சி. கலக்காத உறையில் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். கடலோர வீட்டில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பொட்டலத்தை மாற்றுங்கள். பழைய மரப்பெட்டி அழகுதான், ஆனால் சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவி உலோகத்தை அரிக்கும்.

பழைய காசுக்குப் பெருந்தொகை தருவதாக வரும் தொலைபேசி அழைப்புகளுக்கும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று வெளியிட்ட எச்சரிக்கையில், தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திச் சிலர் பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்றும், தான் அத்தகைய எதிலும் ஈடுபடுவதில்லை, யாருக்கும் அதிகாரம் அளிக்கவும் இல்லை என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாணயம் வாங்குகிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர். அவர் முன்கூட்டியே உங்களிடம் பணம் கேட்டால், 'பதிவுக் கட்டணம்' என்று 500 ரூபாய் கேட்டாலும் சரி, போனை வைத்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.